பவர் மிஷினுக்குச் சர்வோ மோட்டார்: கால் சரியில்லாத ஒரு தையல்காரி வாங்கிப் பார்த்தது

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். 7 வருஷத்துக்கு முன்னால் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து வலது கணுக்கால் நொறுங்கியது. நடப்பேன், ஆனால் பாதத்தை மெதுவாக அழுத்து, பாதியில் நிறுத்து என்றால் அது என் பேச்சைக் கேட்காது. அதற்கு முன் பழைய வண்ணாரப்பேட்டையில் பீஸ் ரேட்டில் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் 6 வருஷம் வேலையே இல்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழில் ஊனம் 45 சதவீதம் என்று போட்டிருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு, ஆனால் எட்டாவது படித்த எனக்குத் தெரிந்தது தையல்தான், தனியார் யூனிட்டுகளுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. எம்.சி. ரோடு பக்கம் ஒரு இடத்தில் நான் கொண்டுபோன காலரைக் கையில்கூட வாங்கவில்லை. காலைப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்பறோம்க்கா" என்றார்கள்.

தங்கை வீட்டில் ஒரு பழைய பவர் மிஷின், அதாவது தையல் யூனிட்டுகளில் இருக்கிற மாதிரி மோட்டாரில் ஓடுகிற மிஷின், கிடந்தது. அதில் இருந்தது கிளட்ச் மோட்டார். சுவிட்ச் போட்டதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும், பெடலைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தாலும் துணியை இழுத்துக்கொண்டு பாயும், எல்லாவற்றையும் பாதத்தாலேயே அளந்து விட வேண்டும். அதைக் கழற்றிவிட்டு 550 வாட் சர்வோ மோட்டார் போட்டேன், 5,200 ரூபாய் ஆனது. மிதித்தால்தான் ஓடும், சத்தம் இல்லை, கரண்டும் குறைவு. இதையெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு முக்கியம் வேகத்துக்கு உள்ள குமிழ். அதைக் குறைத்து வைத்துவிட்டால் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் அந்த வேகத்தைத் தாண்டாது. இடது காலுக்குப் பழக்கமே இல்லாத முதல் 2 வாரம் நான் பிழைத்தது அதனால்தான்.

பெடலையும் மெக்கானிக் தம்பியிடம் சொல்லி இடது பக்கம் தள்ளிப் போட்டேன். பெடலை மோட்டாரோடு சேர்க்கிற கம்பி கொஞ்சம் சாய்வாக நிற்கிறது, அவ்வளவுதான், வேலை செய்கிறது. இப்போது இடது கால் மிதிக்கிறது, வலது முட்டி லிஃப்டரைத் தள்ளித் துணிக்கு மேலே அழுத்துகிற பாதத்தைத் தூக்குகிறது. காலர் முனையில் ஊசியைத் துணிக்குள் நிறுத்தி, முட்டியால் தள்ளி, துணியைத் திருப்பி, மறுபடி ஒரு ஒரு தையலாக விட்டேன். முனை கூராக வந்தது. 6 வருஷத்துக்குப் பிறகு என் கையால் வந்த காலர், அன்றைக்கு அழுதுவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் திரையில் ஏதோ எர்ரர் காட்டி நின்றுவிடுகிறது, என்ன எர்ரர் என்று சொல்ல தமிழில் ஒரு துண்டுச் சீட்டுகூடப் பெட்டியில் இல்லை. பழைய பெல்ட்டும் சேரவில்லை, நீளம் அளந்து வேறு வாங்க வேண்டியிருந்தது.

2 மாதம் வீட்டில் பழகிவிட்டு இன்னொரு யூனிட்டுக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே சர்வோ மிஷின்தான். "பெடலை மட்டும் தள்ளிப் போடுங்க அண்ணா, 10 காலர் வெச்சுக் காட்டறேன், அப்புறம் சொல்லுங்க" என்றேன். போட்டார். ஏழாவது காலரிலேயே போதும் என்றுவிட்டார். 4 மாதமாக அங்கேதான் தைக்கிறேன். என் மாதிரி கால் உள்ள தையல்காரர்கள் வாங்கினால் குமிழ் வைத்த மாடலாகப் பார்த்து வாங்குங்கள், கடையிலேயே இடது காலால் மிதித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.