ஆன்லைன் மருந்தா, தெருமுனைக் கடையா?
2020 மார்ச் 27-இல் தென்னாப்பிரிக்காவில் ஊரடங்கு தொடங்கியபோது, டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் அம்மாவின் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் அட்டையில் நாலே மாத்திரை மிச்சம்.

ஆன்லைனில் வாங்கினால் வரிசையில் நிற்க வேண்டாம். வயதானவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் சீட்டே கேட்காமல் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் கிட்டவே போகாதீர்கள். மெட்ஃபார்மினுக்கு இங்கே மருத்துவர் சீட்டு கட்டாயம். தனியார் கடைகள் விற்கும் மருந்தின் விலையைச் சட்டமே கட்டுப்படுத்துவதால் அத்தனை தள்ளுபடிக்கு இடமும் இல்லை. இன்சுலின் என்றால் 2 முதல் 8 டிகிரி குளிரில் வர வேண்டும். டர்பன் வெயிலில் வாசலில் கிடந்த பொட்டலத்தை எப்படி நம்பி ஊசி போடுவது?

தெருமுனைக் கடையில் ஒரு மணி நேரம் நின்றேன், சரி. ஆனால் மருந்தாளர் அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதியைக் காட்டினார். "அம்மாவுக்குக் கிட்னி எப்படி இருக்கிறது?" என்றும் கேட்டார். அப்புறம் மருந்தை அவர்களே வீட்டுக்கு அனுப்பினார்கள்.