எஸ்கிஷெகிர் மீர்ஷாம் சுங்கான்: ஒரு மதிப்புரை

துருக்கியின் எஸ்கிஷெகிர் நகரில், பழைய ஓடுன்பஸாரி பகுதியிலுள்ள அட்லிஹான் கைவினை அங்காடியில் வாங்கிய மீர்ஷாம் என்ற வெண்கல்லில் செதுக்கிய சுங்கானை (புகைபிடிக்கும் குழலை)ப் பற்றியது இந்த மதிப்புரை. அங்காராவிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இந்நகரை அடைந்துவிடலாம். முற்றத்தைச் சுற்றி அமைந்த கடைகளில் சுல்தான் தலை, முட்டையைப் பிடித்திருக்கும் கழுகின் நகம், பூவேலைப்பாடு என எத்தனையோ வடிவங்கள் இருந்தும், வேலைப்பாடே இல்லாத ஒரு சுங்கானைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. செபியோலைட் எனப்படும் இந்த வெண்கல்லைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் குழி தோண்டி, கட்டி கட்டியாக வெளியே எடுக்கிறார்கள். ஈரம் இருக்கும்வரை சிறு கத்திக்கே இணங்கும் அளவுக்கு மென்மையான இக்கல், காய்ந்ததும் நீரில் மிதக்கும் அளவுக்கு இலேசாகிவிடுகிறது. கட்டிக்குள் விரிசலோ வேற்றுக் கனிமத் துணுக்கோ இருந்தால், சுல்தானின் தாடியிலோ தலைப்பாகை மடிப்பிலோ அதை மறைத்துவிட முடியும். ஆனால் வழவழப்பான சுங்கானில் எந்தக் குறையும் ஒளிந்துகொள்ள இடமில்லை. குறையற்ற கல்லைத் தேடிப் பிடிப்பதும், இருபுறமும் ஒரே வளைவு வரும்படி கண்மதிப்பிலேயே செதுக்குவதும்தான் உண்மையான கைத்திறன் என்பது என் கருத்து.

வெளித்தோற்றத்தைவிட உள்துளையை நான் கவனமாகச் சோதித்தேன். துப்புரவுக் கம்பியை வாய்ப்பகுதி வழியாகச் செலுத்தியபோது எங்கும் தட்டாமல், புகையிலை இடும் கிண்ணத்தின் அடிப்பகுதியில், நட்ட நடுவில் வந்து எட்டிப் பார்த்தது. அந்தத் துளை சற்று மேலேறியிருந்தால் அடியில் புகையிலை எரியாமல் ஈரத்தோடு தங்கிவிடும். தேன்மெழுகில் தோய்த்து மெருகேற்றிய மேற்பரப்பு பால்வெண்மையாக இருக்கிறது. பயன்படுத்தப் பயன்படுத்த, நுண்துளைகள் உறிஞ்சும் தாரினால் இது மஞ்சளாகிப் பின்னர் தேன்பழுப்பாக மாறும். என்னுடையதில் தண்டுப் பகுதி ஏற்கெனவே நிறம் மாறத் தொடங்கிவிட்டது. சூடாக இருக்கும்போது கிண்ணத்தைத் தொட்டால் இளகிய மெழுகில் விரல்ரேகை பதியும் என்பதால், தண்டைப் பிடித்துப் புகைப்பதே நல்லது. மரச் சுங்கானில் கரிப்படலம் படிய விடுவார்கள். இதில் அப்படி விடக் கூடாது, ஒவ்வொரு முறையும் துடைத்தெடுக்க வேண்டும். கீழே விழுந்தால் உடையும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குறை என்றால் வாய்ப்பகுதியைச் சொல்லலாம். கல்லில் இவ்வளவு நேர்த்தி காட்டியவர்கள், அதனுடன் இணைக்கும் அக்ரிலிக் துண்டைத் தடிமனாகவே விட்டுவிட்டார்கள். நெடுநேரம் பல்லிடுக்கில் வைத்திருந்தால் தாடை வலிக்கிறது.

வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த சுங்கான்களும் மீர்ஷாம் என்ற பெயரிலேயே சந்தையில் உலவுகின்றன; முழுக்கல்லில் செதுக்கியதா என்று கேட்டுத் தெளிவு பெறாமல் பணம் கொடுக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கல் கச்சாப் பொருளாகவே வியன்னாவுக்குப் போய், அங்குள்ள பட்டறைகளில் சுங்கானாகி, அந்நகரின் புகழாக மாறியது. 1970களில் துருக்கி கச்சாக் கல்லின் ஏற்றுமதியைத் தடைசெய்த பிறகுதான் செதுக்கும் வேலை கல் பிறந்த ஊரிலேயே நிலைபெற்றது. அப்படியிருந்தும் இன்று விற்கப்படும் பெரும்பாலான சுங்கான்களில் செய்தவரின் பெயர் இருப்பதில்லை. ஆகவே வாங்கும்போது செதுக்கியவர் யார் என்று கேளுங்கள். வெல்வெட் உறையிட்ட பெட்டியின் உட்புறத்தில் அவர் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். நான் கேட்டபோது மறுக்காமல் எழுதிக் கொடுத்தார்கள்.