விறைப்பான பிக்அப்புக்கு எத்தனை பவுண்டு தண்டு? எடைப்பகிர்வு ஹிட்ச் ஒன்றின் மதிப்பீடு

டிரெய்லர் வண்டியின் பின்புறத்தில் ஏற்றும் சுமையில் ஒரு பங்கை, வளையும் ஸ்பிரிங் தண்டுகளால் முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் பகிரும் இணைப்பே எடைப்பகிர்வு ஹிட்ச். அப்படிப்பட்ட ஒன்றை முதலில் 1200 பவுண்டு தண்டுகளோடும், பின்னர் 800 பவுண்டு தண்டுகளோடும் ஒரே டிரெய்லரில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். தலைப்பகுதி, பந்து (டிரெய்லர் கோத்துக்கொள்ளும் உருண்டை), பூட்டு ஆகியவற்றில் குறை இல்லை. தண்டைத் தேர்ந்தெடுத்ததில்தான் தவறு நேர்ந்தது. அதில் விற்றவருக்கும் எனக்கும் சமபங்கு உண்டு.

டிரெய்லரின் எடை 3000 கிலோ. அதில் ஹிட்ச்மீது இறங்குவது 360 கிலோ, அதாவது 12 சதவீதம். இதற்கு 1200 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 545 கிலோ தாங்கும் தண்டு தேவையே இல்லை. ஆனால், வண்டி கனரக பிக்அப் என்பதால் தண்டும் கனமாக இருக்கட்டும் என்று வாங்கிவிட்டேன். உண்மையில் கணக்கு நேர்மாறானது. பின்பக்க லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை வில்) விறைப்பாக இருக்கும் வண்டி, சுமை ஏறினாலும் அதிகம் தாழ்வதில்லை. முன் அச்சு இழக்கும் எடையை மீட்க அதற்குப் பெரும்பாலும் மெல்லிய தண்டே போதும். அதே விறைப்பினால், மேடுபள்ளத்தின் உதையை வண்டி தன்னுள் வாங்கிக்கொள்ளாமல் பந்தின் வழியாக டிரெய்லருக்குத் தள்ளிவிடுகிறது. பாலத்தின் இணைப்பைக் கடக்கும்போது வண்டியும் டிரெய்லரும் எதிரெதிராகச் சாயும் ஒவ்வொரு முறையும், தடித்த தண்டு மெல்லியதைவிட மிகுதியான வளைவு விசையை டிரெய்லரின் முன்முக்கோணச் சட்டத்தில் ஏற்றி இறக்குகிறது.

உலோகச் சோர்வைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தின் அளவே. நிலையாக நிற்கும் சுமை அன்று. வெல்டிங் இணைப்புகளில் ஆயுள், தகைவு வீச்சின் (உலோகத்தினுள் ஏறி இறங்கும் அழுத்தத்தின் அளவு) மும்மடிக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் குறையும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. வீச்சு இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

என் டிரெய்லரில் அந்தச் சோர்வு முன்முக்கோணம் சேஸிஸுடன் சேரும் வெல்டிங்கின் ஓரத்தில் தெரிந்தது. பெயின்ட்டில் மயிரிழை போன்ற கோடும், அதிலிருந்து கசிந்த துருக்கறையும் இருந்தன. துணியால் துடைத்தேன், அடுத்த மழைக்குப் பிறகு கறை அதே இடத்தில் மீண்டும் வந்தது. அழுக்காக இருந்தால் அப்படித் திரும்பி வராது. விரிசலைத் தேய்த்தெடுத்து மறுபடி வெல்டிங் செய்து, மேலே வலுத்தகடும் வைத்த பிறகே தண்டுகளை மாற்றினேன்.

800 பவுண்டு தண்டுகளோடு பயணம் வேறு மாதிரி இருக்கிறது: உள்ளே அலமாரித் திருகுகள் தளர்வது குறைந்துவிட்டது, எடைமேடையில் பார்த்தால் முன் அச்சின் எடையும் போதுமான அளவு திரும்புகிறது. பின்டயர்களில் உச்சக் காற்றை வைக்காமல், தயாரிப்பாளரின் சுமை அட்டவணைப்படி வைத்ததும் ஓரளவு உதவியது.

குறையென்றால், தண்டு உராயும் தாங்கிகள் கிரீஸ் இல்லாதபோது திருப்பங்களில் பயங்கரமாக முனகுகின்றன. ஹிட்ச்மீது இறங்கும் சுமையைச் சிறிய எழுத்தில் போட்டு, தண்டின் தாங்குதிறனை மட்டும் பெரிதாக அச்சிடும் பெட்டியும் வாங்குபவரைத் தவறான பக்கம் தள்ளுகிறது. ஹிட்ச்சுக்கு ஐந்தில் நான்கு. அந்தப் பெட்டிக்கு ஒன்றுகூட இல்லை.