மான் வராத நேரத்துக்கான கேமரா: சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4

மான் வேட்டைக்குப் பரண் ஏறியவர்களுக்குத் தெரியும், அங்கே மானைப் பார்க்கிற நேரத்தைவிடப் பார்க்காத நேரம்தான் அதிகம். நான் போகிற காடுகளின் வெண்வால் மான் (அமெரிக்கக் கண்டத்து மான் இனம்) விடியலை ஒட்டிக் கொஞ்ச நேரம், பொழுது சாயும்போது கொஞ்ச நேரம் தாராளமாக நடமாடும். நடுவில் கிடக்கும் நீளப் பகல் மற்ற ஜீவன்களுடையது. அணில், மரங்கொத்தி, வான்கோழிக் கூட்டம், யாரையும் சட்டை செய்யாமல் குறுக்கே போகும் நரி. துப்பாக்கி மட்டும் கொண்டுபோகிறவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு இறங்கி வந்துவிடுவார். எனக்கு அது போதவில்லை. அதனால் சில சீசன்களாக இந்தக் கேமராவும் என்னோடு பரண் ஏறுகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடியற்காலை மான் படம் மட்டும்தான் உங்கள் ஆசை என்றால் இதை வாங்காதீர்கள். கையில் துப்பாக்கியும், விழாமல் மரத்தோடு பிணைத்துக்கொள்ளும் சேணப்பட்டை இடுப்பிலுமாகப் பரணில் உட்கார்ந்திருக்கும் மிச்ச நேரத்துக்கு இதைவிடத் தோதான ஒன்றை நான் இன்னும் கையில் எடுத்ததில்லை.

2017 செப்டம்பரில் வந்த மாடல், அதனால் புதுசு என்று சொல்ல முடியாது. 1 அங்குல சென்சார், 20.1 மெகாபிக்சல், கழற்ற முடியாத ஸைஸ் லென்ஸ். முழு ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார்) கணக்கில் 24 மி.மீ. முதல் 600 மி.மீ. வரை போகும். ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சர் எஃப்/2.4-இல் தொடங்கி, நீட்டிய நிலையில் எஃப்/4 (எண் சிறிதானால் ஒளி அதிகம்). பேட்டரியும் கார்டும் சேர்த்து 1,095 கிராம். ஒப்பிட்டுப் பாருங்கள்: இதே சோனியின் 200-600 லென்ஸ் மட்டும் 2,115 கிராம், பாடி தனி. தரையில் முக்காலி போட்டு நிற்பவருக்கு அது அருமையான லென்ஸ். பரண் இருக்கையில் அதை எங்கே வைப்பது? மடியில் வைத்தால் துப்பாக்கியை எடுக்க முடியாது, கொக்கியில் மாட்டினால் திரும்பி எடுக்கிற அசைவிலேயே காடு காலியாகிவிடும். ஆர்எக்ஸ்10 தொடைமேல் அடங்கி உட்காரும். ஒரு கையால் தூக்கிக் கண்ணில் வைத்துவிடலாம்.

அடுத்தது சத்தம். மானின் காதுகள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். முன்னால் பார்த்து மேய்ந்துகொண்டே ஒரு காதை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கும். சாதாரண கேமரா ஷட்டரின் 'டப்' அங்கே போதும், தலை நிமிர்ந்துவிடும். இதில் ஷட்டரை சைலன்ட்டுக்கு மாற்றினால் உங்களுக்கே எடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வரும். மின்னணு ஷட்டர் என்றால் வேகமாக அசைவது கோணிப்போகுமே என்பீர்கள். இதில் உள்ளது அடுக்குச் சென்சார், ஒளியைப் படிக்கிற வேகம் அதிகம். மரம் கொத்துகிற மரங்கொத்தியின் தலைகூட நான் எடுத்த படங்களில் நேராகவே இருக்கிறது. ஆனால் வாங்கின கையோடு மூன்று வேலை செய்துவிடுங்கள்: பீப் ஒலியை நிறுத்துங்கள், இருட்டில் ஃபோகஸுக்காக எரியும் சின்ன விளக்கை அணையுங்கள், பின் திரையை அணைத்து வியூஃபைண்டரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுக் காட்டில் திரை வெளிச்சம் முகத்தில் அடிப்பது, மானை நாமே விரட்டி அனுப்புவதுதான்.

ஒரு சங்கடம் உண்டு. ஆன் செய்ததும் லென்ஸ் வெளியே நீளும், ஆஃப் செய்தால் உள்ளே போகும். மான் எதிரே நிற்கும்போது அந்த அசைவும் மெல்லிய உறுமலும் வேண்டாத வேலை. ஏறி உட்கார்ந்த உடனே ஆன் செய்து வைத்துக்கொள்வதுதான் வழி. அதனால் பேட்டரி தீரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

விளம்பரத்தில் யாரும் பெரிதாகப் பேசாத, நான் மிகவும் நேசிக்கும் ஒன்று லென்ஸின் பக்கவாட்டில் இருக்கிறது. ஃபோகஸ் எல்லையைக் கட்டுப்படுத்தும் சின்ன ஸ்விட்ச். ஒரு நிலை முழு தூரம், இன்னொரு நிலை 3 மீட்டருக்கு அப்பால் மட்டும். பரணுக்கு முன்னால் எப்போதும் இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கேமராவும் மானை விட்டுவிட்டு அந்தக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்விட்சைத் தள்ளிவிட்டால் குச்சி என்று ஒன்று இருப்பதே இதற்குத் தெரியாது, நேராக 40 மீட்டர் தள்ளி நிற்பதைப் போய்ப் பிடிக்கும்.

அதே ஸ்விட்சைத் திருப்பித் தள்ளினால் வேறு உலகம். 600 மி.மீ. நீட்டிய நிலையிலேயே 72 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் செய்யும். கறுப்புத் தொப்பி போட்ட சிக்கடிக் குருவி ஒன்று என் பரணின் கம்பியிலேயே வந்து உட்கார்ந்தது. அலகில் ஒரு விதை. என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பக்கத்து மரத்துக்குத் தாவி, பட்டை வெடிப்பில் விதையைச் செருகி, அலகால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. குளிர்காலத்துக்கு அவை இப்படித்தான் ஒவ்வொன்றாக ஒளித்து வைக்கும். படத்தில் விதையின் கோடும், கண்ணுக்குள் வானத்தின் வெள்ளைப் புள்ளியும் தெரிகின்றன. கீழே இறங்கியதும் என்னோடு வரும் பெரியவரிடம் காட்டினேன்.

“தம்பி, மானுக்கு வந்தியா, குருவிக்கு வந்தியா?”

“ரெண்டுக்கும்தாண்ணே.”

“ரெண்டுல ஒண்ணுதான் குழம்புக்கு ஆகும்” என்றார். ஆனால் கேமராவைத் திருப்பித் தரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இனி மான். பல இடங்களில் சுடுவதற்கான சட்டபூர்வ நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே தொடங்கிவிடுகிறது. மான் வருவதும் அப்போதுதான். அந்த வெளிச்சத்தில் இந்தக் கேமரா திணறும். ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றினால், ரோமம் ரோமமாகத் தெரிய வேண்டிய கழுத்து ஈரச் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி திட்டுத் திட்டாகிவிடும். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன், பரப்பளவுக் கணக்கு அது. 1 அங்குல சென்சார் சுமார் 116 சதுர மி.மீ., முழு ஃபிரேம் 864. ஏழு மடங்குக்கும் மேல். மேலே சொன்ன 200-600 லென்ஸ் எஃப்/6.3 என்பதையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், முழு ஃபிரேமுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு ஒளி கிடைக்கும். எந்த செட்டிங்கும் இதை ஈடு கட்டாது.

ஒன்றே ஒன்று உதவும். வெண்வால் மானுக்குச் சந்தேகம் வந்தால் உடனே ஓடாது. காதை முன்னால் விறைத்து, கழுத்தை நிமிர்த்திச் சிலைபோல் நிற்கும், பிறகு முன்னங்காலால் தரையை ஓங்கித் தட்டும். சிலையாக நிற்கும் அந்த நேரம்தான் நம்முடையது. கேமராவின் நடுக்கத் தடுப்பு 4.5 ஸ்டாப் என்கிறது சோனி (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு அல்லது பாதி). முழங்கையை முழங்காலில் ஊன்றி 1/60 நொடியில் ஐந்தாறு எடுத்தால் ஒன்றாவது தேறும், ஐஎஸ்ஓவும் பாதிக்கு மேல் இறங்கும். இந்தக் கேமராவால் நொடிக்கு 24 படம் எடுக்க முடியும் என்பதை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஒரே மான், ஒரே நிலை, நூறு படம் என்று கார்டு நிறைந்துவிடும். 10 போதும். வெள்ளை வாலைக் கொடிபோல் தூக்கிக்கொண்டு அது பாயும்போது வேண்டுமானால் 24 வையுங்கள், சூரியன் மேலே வந்திருந்தால்.

மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காக நாம் போடும் ஆரஞ்சு உடை மானுக்குப் பளிச்சென்று தெரியாதா என்று கேட்பவர்களுக்கு: மானுக்கு இரண்டு வகை நிற உணர்வுச் செல்கள்தான். சிவப்பையும் ஆரஞ்சையும் பச்சையிலிருந்து நன்றாகப் பிரித்தறியாது. நீலம் நன்றாகவே தெரியும். ஆகவே கேமராவுக்கு நீலப் பட்டை வேண்டாம். ஆரஞ்சு தொல்லை கொடுப்பது உங்கள் படத்துக்குத்தான். கூட்டாளியை வெயிலில் எடுத்தால் சிவப்புச் சேனல் நிறைந்து வழிந்து, மேல்சட்டை மடிப்பே இல்லாத ஒரு ஆரஞ்சுக் கறையாகிவிடும். வெளிச்சத்தை 0.7 ஸ்டாப் குறைத்து, ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவாக) எடுத்தால் மடிப்புகள் திரும்ப வரும். வேட்டை முடிந்து எடுக்கும் படத்துக்கு 24 மி.மீ. முனை அருமை, காடும் வரும், ஆளும் வரும், மானும் வரும். எடுப்பதற்கு முன் ரத்தத்தைத் துடைத்து, நாக்கை உள்ளே வைத்துவிடுங்கள். அந்த மரியாதைகூட இல்லாத படங்களை நிறையவே பார்த்தாகிவிட்டது.

பாதுகாப்பு விஷயத்தில் இந்த 600 மி.மீ. ஒரு நல்ல காரியம் செய்கிறது. தூரத்தில் புதர் அசைந்தால் என்னவென்று பார்க்கத் துப்பாக்கியின் ஸ்கோப்பைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அசைந்தது மனிதனாக இருந்தால் குழல் மனிதனை நோக்கித்தானே நிற்கிறது. கேமராவில் பாருங்கள். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கையில் இருக்கக் கூடாது. சேஃப்டி போட்டு, குழலை யார் பக்கமும் இல்லாதபடி கொக்கியில் மாட்டிய பிறகுதான் கேமரா. ஏறும்போது கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். சேணப்பட்டையை மரத்தில் கட்டி உட்கார்ந்த பிறகு, குண்டு எடுத்த துப்பாக்கியைக் கயிற்றில் இழுப்பதுபோல் இதையும் பையோடு இழுத்துக்கொள்ளலாம்.

தூசியையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கும்படி செய்திருக்கிறார்கள், தூறலுக்கும் பனித்துகளுக்கும் நான் பயப்படுவதில்லை. குளிரிலிருந்து சூடான அறைக்குள் போகும்போதுதான் கவனம். வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்க மூடி, அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் வையுங்கள். நீர் பையின்மேல் கோக்கும், லென்ஸில் கோக்காது.

பேட்டரி என்பி-எஃப்டபிள்யூ50, சின்னது. திரையில் பார்த்து எடுத்தால் 400 படம் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. நாள் முழுக்க ஆன் செய்து வைத்தால், அதுவும் உறைகுளிரில், அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். சோனியின் வேறு பல கேமராக்களிலும் இதே பேட்டரிதான் என்பதால் எளிதாகக் கிடைக்கும். கூடுதலாக இரண்டு வாங்கி, பையில் போடாமல் உடம்புச் சூடு படும்படி சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.