"கன்வெர்ட்டர் கிளீனிங்" என்றால் காரை விட்டுவிட்டு வராதீர்கள்

திருச்சியில் பைபாஸ் ஓரம் இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் காரின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (இன்ஜின் புகையின் விஷத்தைக் குறைக்கும் பாகம்) அறுத்து, உள்ளே இருந்ததை மொத்தமாக எடுத்துவிட்டு, வெறும் கூட்டை வெல்டிங் வைத்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். அதற்கு என்னிடமே 8,500 ரூபாய் வாங்கினார்கள். ஆறு வாரம் எதுவும் தெரியாமல் ஓட்டியிருக்கிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன்.

வண்டி 2018 மாடல், பாரத் ஸ்டேஜ் 4 (அப்போதைய புகை விதி), பெட்ரோல். 61,000 கிலோமீட்டர் ஓடியது. ஜனவரியில் ஒருநாள் மதுரை ரோட்டில் வேகமெடுக்கும்போது லேசாக உதறியது. மஞ்சள் நிற இன்ஜின் லைட் சில நொடிகள் மினுங்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தது. லைட் நிலையாக எரிவது வேறு, மினுங்குவது வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது. மினுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் அப்படியே வெளியே போகிறது என்று அர்த்தம். அந்தப் பெட்ரோல் சூடான கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் உள்ளே இருப்பது உருகிக்கூடப் போகும். அந்த நேரத்தில் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து மெதுவாக ஓட்ட வேண்டும், பெட்ரோலைப் பற்றவைக்கிற ப்ளக், காயில் இரண்டையும் சீக்கிரம் பார்க்க வேண்டும்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். என்ன கோடு (பழுதைச் சொல்லும் குறியீட்டு எண்) வந்தது என்று கேட்டேன். "கன்வெர்ட்டர் அடைச்சிருக்கு சார். புதுசு போட்டா நாப்பதாயிரம் தாண்டிரும். கழட்டி கெமிக்கல்ல கிளீன் பண்ணிரலாம், சாயங்காலம் வாங்க" என்றார்கள். ஸ்கேனரின் திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. நாற்பதாயிரத்தைக் கேட்டவுடன் நானும் வேறு எதையும் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வந்துவிட்டேன். சாயங்காலம் லைட் அணைந்திருந்தது, பிக்கப்கூட கொஞ்சம் கூடின மாதிரி இருந்தது. துண்டுச் சீட்டில் "எக்ஸாஸ்ட் கிளீனிங்" என்று ஒரே வரி. ஜிஎஸ்டி எண் இல்லை.

ஒரு வாரத்தில் சத்தம் மாறியது தெரிந்தது. ஆக்சிலரேட்டர் மிதித்தால் தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி ஒரு எதிரொலி. காலையில் ஸ்டார்ட் செய்தால் பச்சைப் பெட்ரோல் வாடை கண்ணை எரித்தது. எங்கள் வீடு தரைத்தளத்தில், பார்க்கிங்கை ஒட்டியே இருக்கிறது. அம்மாவுக்கு வீசிங் உண்டு. "இந்த வண்டிய எடுக்கும்போதெல்லாம் நெஞ்ச அடைக்குதுப்பா" என்று இரண்டு முறை சொன்னார். பனிக்காலம் என்று நான் நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் அதுதான் மனதை அறுக்கிறது.

மார்ச்சில் புகை சர்டிபிகேட் முடிந்தது. டெஸ்ட் எடுக்கப் போனேன். என் வண்டி மாதிரிக்கு ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். எனக்கு வந்தது 0.9, 640. போன வருஷச் சீட்டில் இரண்டுமே ஒன்றுமில்லை என்கிற அளவில்தான் இருந்தன. டெஸ்ட் எடுத்தவர் 300 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் வேறு வண்டியில் குழாயை வைத்து ரீடிங் எடுத்துத் தருகிறேன் என்றார். அன்றைக்கு அதற்குச் சம்மதித்திருந்தால் இன்றுவரை எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. அம்மா அதே புகையைத்தான் சுவாசித்துக்கொண்டு இருந்திருப்பார்.

நண்பர் ஒருவர் தென்னூர் பக்கம் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். 1995-ல் சென்னையில் புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது அங்கே வேலை பார்த்தவர். வண்டியை லிஃப்டில் ஏற்றி, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். "தம்பி, உள்ள ஒண்ணுமே இல்லையே" என்றார். என்னையும் கீழே நிற்கவைத்துக் காட்டினார். கூட்டைச் சுற்றிப் புதுசாக ஒரு வெல்டிங் கோடு, அதன்மேல் சில்வர் பெயிண்ட். பின்பக்க ஆக்சிஜன் சென்சார் அதன் இடத்தில் நேராக இல்லை, ஒரு விரல் நீளத்துக்கு இரும்பு ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளி மாட்டியிருந்தது.

அந்த ஸ்பேசர் எதற்கு என்று அவர் சொன்னபோதுதான் எவ்வளவு தெரிந்து செய்திருக்கிறார்கள் என்று புரிந்தது. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன்னால் இருப்பது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் மேலும் கீழும் போய்வரும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின்னால் இருப்பது பெரும்பாலும் 0.6, 0.7 பக்கம் அசையாமல் நிற்கும். பின்னதும் முன்னது போலவே ஆடினால் இன்ஜின் கம்ப்யூட்டர் பி0420 என்ற கோடைப் போட்டு லைட்டை எரியவிடும். ஸ்பேசர் வைத்தால் புகை சென்சாரில் நேராகப் படாது, கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும். பெரியவர் ஸ்பேசரைக் கழற்றி சென்சாரை நேராக மாட்டி, லேப்டாப்பில் காட்டினார். இரண்டு சென்சார்களின் வரைபடமும் ஒன்றாக ஆடின.

அப்புறம் இன்னொன்று. பெரியவர் பார்த்தபோது பதிந்திருந்த கோடு பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாத மிஸ்ஃபயர். கோடுகளை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதும் அதிலேயே வருகிறது. அன்றைக்கு 612. அந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுத்த பிறகு ஓடிய தூரமும் ஏறக்குறைய அதுதான். பழுது ஒரு இக்னிஷன் காயிலில்தான், 1,900 ரூபாய்ப் பொருள். அதை அப்படியே விட்டுவிட்டு, நல்லபடியாக இருந்த கன்வெர்ட்டரை அறுத்திருக்கிறார்கள்.

அறுப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் பீங்கான். தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான பொடித் துளைகள், அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. விஷப்புகையைக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாற்றுவது அந்தப் பூச்சுதான். 2021-ல் ரோடியம் ஒரு அவுன்ஸ் 29,000 டாலரைத் தொட்டது. இப்போது அவ்வளவு இல்லை, ஆனாலும் பழைய கன்வெர்ட்டரை எடை போட்டு வாங்க ஆள் இருக்கிறது.

திரும்பப் போய்க் கேட்டேன். "பொடிஞ்சு வந்துச்சு சார், குப்பையில போட்டுட்டோம்" என்றார்கள். ஸ்பேசரைக் காட்டினேன். பதில் இல்லை.

புதுக் கன்வெர்ட்டருக்கும் காயிலுக்கும் சேர்த்து 43,000 ரூபாய் ஆனது. அதன் பிறகு எடுத்த டெஸ்டில் 0.03, 22. அம்மாவுக்கும் மூச்சு பரவாயில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த ஆறு வாரத்தில் சோதனையில் சிக்கியிருந்தால் தண்டனை எனக்குத்தான். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு. அறுத்தவன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். கன்வெர்ட்டர் என்ற வார்த்தை வந்தால் முதலில் கோடு எண்ணைக் காட்டச் சொல்லி போட்டோ எடுங்கள். கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் தேன்கூடு கண்ணுக்குத் தெரியும். மாற்றினால் பழையதைக் கையில் வாங்குங்கள், அது உங்கள் பொருள். ஆயிரம் ரூபாய்க்குள் புளூடூத் ஓபிடி ரீடர் (வண்டியின் கோடுகளைப் படிக்கும் சின்னக் கருவி) கிடைக்கிறது, ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் போனிலேயே இதெல்லாம் பார்க்கலாம். ஏற்கனவே கிளீனிங் செய்தவர்கள் வேறொரு மெக்கானிக்கை வைத்து வெல்டிங் கோடும் ஸ்பேசரும் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரைக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். வெற்றுக் கூட்டையும் ஸ்பேசரையும் பெரியவர் ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தார், இரண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பைபாஸ் பக்கம் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் சீட்டோடு சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.