மறு எண்ணிக்கையா, தேர்தல் வழக்கா?

வடசென்னையில் திருவொற்றியூர் முதல் ராயபுரம் வரை ஆறு சட்டமன்றப் பகுதிகள். சில நூறு ஓட்டில் முடிவு தொங்கினால் எந்த வழி?

கெடு: மறு எண்ணிக்கைக்கு, மொத்தம் அறிவித்த பின், படிவம் 20-இல் (முடிவுத் தாள்) தேர்தல் அதிகாரி கையெழுத்திடும் முன். சில நிமிடமே கிடைக்கும். மனுவை முன்பே எழுதி வையுங்கள்.
வழக்குக்கு 45 நாள். ஒருநாள் பிந்தினாலும் தள்ளுபடிதான்.

செலவு: மறு எண்ணிக்கைக்குக் காரணம் சொல்லும் மனு போதும். வழக்குக்குப் பாரிமுனை உயர் நீதிமன்றத்தில் 2,000 ரூபாய் காப்புத்தொகை, வக்கீல் கட்டணம் தனி.

யார்: வழக்கை வாக்காளரும் தொடரலாம்.

தபால் ஓட்டுத் தகராறு, கூட்டல் பிழை என்றால் மறு எண்ணிக்கை. பணப்பட்டுவாடா, வேட்புமனுக் குளறுபடி என்றால் வழக்கு. கூட்டல் பிழையைக் காட்ட, பூத் ஏஜெண்ட் வாங்கிய படிவம் 17சி (பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கு) நகல்தான் உயிர்; தொலைக்காதீர்கள்.