நிறைந்ததும் நிறுத்தத் தெரிந்த சார்ஜர்

திருமணங்களில் படமெடுக்கும் எனக்கு, ஃபிளாஷுக்கு வேண்டிய நான்கு பென்சில் செல்களை இரவில் சார்ஜில் போட்டுவிட்டு உறங்குவது பல ஆண்டுப் பழக்கம். பழைய சார்ஜர் செல்களை இரண்டிரண்டாகவே ஏற்றும். குறித்த நேரம் முடியும்வரை மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும் என்பதால், பாதி தீர்ந்த செல்லும் முழுதும் தீர்ந்த செல்லும் ஜோடி சேர்ந்துவிட்டால், முன்னது விரல் வைக்க முடியாதபடி சுடும். இப்படி ஒரே ஆண்டில் ஆறு செல்கள் வீணான பிறகே, ஒவ்வொரு குழியையும் தனித்தனியே கவனிக்கும், சிறு திரையுள்ள சார்ஜர் ஒன்றை வாங்கினேன்.

நான் பயன்படுத்தும், திரும்பத் திரும்ப ஏற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகைச் செல் நிறைந்த பிறகு உள்ளே செலுத்தப்படும் மின்சாரம் சேமிப்பாக அல்லாமல் வெப்பமாகவே மாறுகிறது. அந்தக் கட்டத்தில் செல்லின் வோல்டேஜ் உச்சத்தைத் தொட்டுச் சில மில்லிவோல்ட் இறங்கும். இந்தச் சார்ஜர் அவ்விறக்கத்தைக் கண்டதும் அந்தக் குழியை மட்டும் நிறுத்திவிடுகிறது. 2000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள செல்கள் நான்கையும் 1000 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் ஏற்றியபோது நடுவிலிருந்த இரண்டும் நன்றாகவே சூடாயின, ஏனெனில் குழிகளுக்கிடையே காற்று புக இடமில்லை. ஓரக் குழிகளில் இரண்டை மட்டும் போட்டபோது வெதுவெதுப்போடு முடிந்தது.

சூட்டுக்கு அஞ்சி 200 மில்லி ஆம்பியரில் வைப்பதே நல்லது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மின்னோட்டம் அவ்வளவு குறையும்போது வோல்டேஜ் இறக்கமும் மங்கிவிடுவதால், சார்ஜர் அதைக் காணத் தவறலாம். மாலையில் போட்ட ஒரு செல், மறுநாள் காலை, கொள்ளளவையும் தாண்டி 2900 மில்லி ஆம்பியர் மணி என்று திரையில் காட்டியபடி இன்னும் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு, 700க்குக் கீழே நான் இறங்குவதில்லை.

இதன் பெருங்குறையும் அங்கேயே இருக்கிறது: செல்லைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அளவு தானாக 200க்கே திரும்பிவிடுகிறது, சில நொடிகளுக்குள் பொத்தானை அழுத்தி மாற்றாவிட்டால் அதுவே நிலைத்துவிடும். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவின் அலுப்பில் இதை மறப்பது எளிது. விளக்கத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சுவர்க்கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் மட்டும் செல் தேவைப்படுவோர் இதற்குச் செலவிட வேண்டியதில்லை. வாரந்தோறும் செல் ஏற்றுவோர் வாங்கலாம். சார்ஜரை மெத்தை மேலோ மூடிய அலமாரியிலோ வைக்காமல், காற்றோட்டமுள்ள வெறும் தரையில் வைத்தால் போதும்.